வல்லரூ அண்ணையும் வல்லாரைச் சம்பலும்

ஸ்காபரோ முழுவதிலும் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் நிற்கத் தெரியாத ஒரே தமிழன் வல்லரூ அண்ணைதான். மல்வேர்னில் பஸ்ஸுக்காக நாங்கள் விறைத்துப்போய் நிற்போம். அவர் தரிப்பைச் சுற்றிச் சுற்றி வருவார். தப்பித்தவறி நின்றாலும் தோளைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டுகளை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்திருப்பார்.

"வல்லரூ இப்பிடித்தான் நிக்கும்" என்பார்.

கனடாவுக்கு வரமுன் அவுஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணையொன்றில் வேலை செய்தவர். பண்ணைக்குப் பின்னாலிருந்த கல்மலையில் வல்லரூ என்ற அந்தக் கங்காருச் சாதி மிருகங்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த வருத்தம் இது. யாராவது கங்காரு என்று சொல்லிவிட்டால் போச்சு. கங்காருவிலும் சின்னன், சடை மயிர், பகல் வெயிலுக்குப் பாறைக்குகை, பொழுதுபட்டால் புல்லு, கோபம் வந்தால் சீறல் என்று வகுப்புத் தொடங்கும். பஸ் போய்விடும்.

இவருக்குக் கல்யாணம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இதுவும் சரிவராவிட்டால் இனிப் பெண் பார்க்க வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்த பெண்ணின் தமையனிடம் போனில், பண்ணையில் இருந்தவர், வல்லரூ பற்றி இவரைப்போல் தெரிந்த ஆளில்லை என்று அளந்தேன்.

"வல்லாரையோ? நல்ல சாமான்" என்றார் அவர்.

நாள் முழுக்க ஓயாத என் வாய், திருத்த வேண்டிய அந்த நேரம் பார்த்து ஓய்வெடுத்தது.

பெண் வீட்டுக்குப் போனால், மேசையில் மாப்பிள்ளையின் மரியாதைக்கு வல்லாரைச் சம்பல்.

"தம்பி, உங்கட பக்கத்து வல்லாரை எவ்வளவு உயரம் வளரும்?" என்று தமையன் தொடங்கினார்.

"ஆம்பிளை எண்டால் என்ர நெஞ்சளவு வரும்."

"ஆம்பிளை வல்லாரையோ?"

"ஓம். சண்டை எண்டால் உதைக்கும்."

தமையன் சம்பலைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

விஷயம் வெளித்ததும் தமையனின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணை எழும்பி ஹோலுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். குசினி வாசலில் நின்ற பெண்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"அதுகள் கூட்டமாத்தானே திரியும்?"

"இல்லை. அநேகமாத் தனியத்தான்."

"பாவங்கள்."

அண்ணை நின்றார். மணிக்கட்டுகள் மெல்லக் கீழே இறங்கின.

"நான் அப்பிடி யோசிக்கேல்ல" என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறும்வரை எழும்பவில்லை. சம்பலை இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

இப்போது மார்க்கத்தில், அந்த வீட்டு மாப்பிள்ளையாக, காரில் திரிகிறார். நான் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. வேலைக்கு நேரத்துக்குப் போய் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நேற்றுத் தரிப்பில் நிற்கும்போது குனிந்து பார்த்தேன். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது, மணிக்கட்டுகள் நெஞ்சுக்கு நேரே. இறக்க மனம் வரவில்லை.