முடக்கு முனியின் பாதுகாப்புத் திட்டம்

வீதிப் பாதுகாப்பு என்னும் மகத்தான கலை, பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் பாதையில்தான் மனித குலத்துக்கு முழுமையாகக் கைவந்தது என்பதைச் சரித்திரம் ஒருநாள் ஒப்புக்கொள்ளத்தான் போகிறது. மற்ற நாட்டார் விபத்தைத் தடுக்கக் கோடு போடுகிறார்கள், விளக்கு வைக்கிறார்கள், அபராதம் விதிக்கிறார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் பஸ் முதலாளிமார் அதற்கெல்லாம் அப்பால் போனவர்கள். அவர்கள் போன தூரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாக்கியத்துக்குக் காரணம் என் மனைவி ராஜேஸ்வரி. அவள் இறந்திராவிட்டால் அச்சகத்தில் புரூப் பார்க்கிற என்னை முதலாளிமார் கூட்டத்துக்கு யார் அழைத்து முன்வரிசையில் கதிரை போட்டிருப்பார்கள்?

பஸ்ஸை முந்துவது பற்றிச் சட்டம் சில யோசனைகளைச் சொல்லி வைத்திருக்கிறது. முடக்கில், அதாவது பாதை வளைகிற இடத்தில், முந்தக் கூடாதாம். எதிரே வருவது தெரியாவிட்டால் முந்தக் கூடாதாம். நிற்கிற பஸ்ஸைக் கடக்கும்போது, அதன் முன்னாலிருந்து யாரும் பாதைக்கு வரலாம் என்று நினைத்து மெதுவாகப் போக வேண்டுமாம். இதை எழுதியவர் ஒருநாளும் பஸ் வைத்திருந்தவராக இருக்க முடியாது. முன்னால் போகிற பஸ்தான் அடுத்த தரிப்பில் நிற்கிற சனத்தை அள்ளும். பின்னால் போவது காற்றை ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே எங்கள் பாதையில் முந்துவது குற்றமல்ல. அது தொழில்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு முடக்கு வரும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். எதிரே வருவது யமனா, பாண் வானா என்று முட்டிய பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டுக்கு இறங்கும் படி அங்கேதான் தொடங்குகிறது. அதனால் பஸ்ஸை அங்கேயே நிறுத்தி இறங்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். தொண்ணூறுகளின் பிற்பகுதி. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை நானும் ராஜேஸ்வரியும் கண்டியில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். அவள் முதலில் இறங்கி, பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி மறுகரைக்குப் போனாள். நான் ஆசனத்துக்கு அடியில் சிக்கிய பையை இழுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பஸ்ஸை முந்துவதற்கு இன்னொரு பஸ் வந்தது. பை சிக்கியிருந்ததால் இந்தக் கதையை நான் எழுதுகிறேன்.

அந்த இன்னொரு பஸ் தனபாலன் அவர்களுடையது. அவரே மலைத்தென்றல் பஸ் உரிமையாளர் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர். சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார்.

"அண்ணே, இத சும்மா விட மாட்டேன். இனி அந்த முடக்குல ஒரு உசிரு போகக் கூடாது" என்றார்.

சும்மா விடவில்லை. கருமாதி முடிவதற்குள் அவசரக் கூட்டம் கூட்டி, "விபத்துக்கான மூலகாரணம்" ஆராயப்பட்டது. சாரதியின் வேகம் ஆராயப்படவில்லை, அது தொழில். முடக்கில் காவல் தெய்வம் இல்லாததே மூலகாரணம் என்று ஏகமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் அந்த இடத்திலேயே முனியாண்டிக்கு ஒரு கோயில் எழும்பியது. "இவ்விடத்தில் முந்தாதீர்" என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று அங்கே முன்பே நின்றது. கோயில் அதற்கு நேர் முன்னால் கட்டப்பட்டதால் பலகை முனியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் முனி மட்டும் வாசிக்கலாம்.

கோயில் சுவரில் மாபிள் கல் பதித்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆயுட்கால உறுப்பினர் எல்லாருடைய பெயரும் வரிசையாக, பொன் எழுத்தில். வசனத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். கடைசியில் கல் கொத்துகிறவர் இடம் போதாது என்று சொன்னதால், "ராஜேஸ்வரி நினைவாக" என்பது மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில், நிலத்தோடு ஒட்டி வந்தது. குனிந்தால் வாசிக்கலாம். குனிந்து வாசிப்பது மரியாதைதானே.

அத்துடன் ஒரு கண்டிப்பான விதியும் வந்தது. மேலே போகிற பஸ், கீழே வருகிற பஸ் எல்லாமே முனிக்கு முன்னால் நின்றுதான் போக வேண்டும். கண்டக்டர் குதித்து ஓடி உண்டியலில் காசு போட்டு, திருநீறு எடுத்து வந்து ஸ்டியரிங்கில் பூச வேண்டும். நிறுத்தாத பஸ்ஸுக்கு ஒரு வாரம் ஓட்டமில்லை. முன்பு எங்களைப் போன்ற நாலு பேர் இறங்கும்போது மட்டும் முடக்கில் பஸ் நின்றது. இப்போது எல்லா பஸ்ஸும் நின்றது. முன்னால் ஒரு பஸ் பக்தியோடு நிற்கும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் பக்தி உண்டு, அவசரமும் உண்டு. அது நிற்கிற பஸ்ஸை முடக்கில் முந்திக்கொண்டு போய், அதற்கு முன்னால் நின்று, முனியைக் கும்பிடும். இவ்வாறு எப்போதாவது நடந்துகொண்டிருந்த ஒரு காரியம் நேரசூசிப்படி நடக்கத் தொடங்கியது.

என் மகள் பாலாம்பிகை கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள். பின்னேரம் அதே பஸ்ஸில் வந்து, அதே முடக்கில் இறங்கி, அதே மறுகரைக்குப் போகிறவள். ஒரு மழை நாள் அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸின் முன்னால் தலையை நீட்டினாள். ஒரு காற்று வந்தது. கையில் குடையின் பிடி மட்டும் மிஞ்சியது. மீதிக் குடை முந்திய பஸ்ஸின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு கலஹா வரை போய்விட்டது.

"டிக்கட் எடுக்காமப் போயிருச்சு அப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் குடைப்பிடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அவள் அம்மாவின் குடை அது.

மறுநாளே சங்கத்துக்குப் போனேன். தலைவர் தனபாலனும் செயலாளர் ஷிராஸும் இருந்தார்கள். ஷிராஸ் கட்டுகஸ்தோட்டைக்காரர், மூன்று பஸ்ஸுக்கு உரிமையாளர். முனி கோயிலுக்கு ஒரு முஸ்லிம் செயலாளரா என்று யாரோ கேட்டபோது, "எனக்கு முனி இல்லாட்டியும் பஸ் ஈக்கிதானே" என்று பதில் சொன்ன சமரச ஞானி.

"முனியாண்டிய மடுவத்து வெளிக்கு மாத்துங்க" என்றேன். "அங்க பாத நேரா இருக்கு, அகலமா இருக்கு. ரெண்டு பஸ் நின்னாலும் மூணாவது பஸ் தூரத்துல வர்றது தெரியும். ஆளுகளும் அங்கேயே எறங்கட்டும்."

"ஏண்ணே, முனி ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?" என்று தனபாலன் வருத்தப்பட்டார்.

"முனி ஒண்ணும் செய்யல. பஸ்தான் செய்யுது. நேத்து எம்புள்ளைக்கு நூல் எடவெளி."

"இங்க பாருங்கண்ணே. விபத்து நடந்தது எங்க?"

"முடக்குல."

"அப்ப காவல் எங்க இருக்கணும்? முடக்குல. விபத்தே நடக்காத வெளியில கொண்டுபோய் வச்சா முனி அங்க என்ன செய்வாரு? கொழுந்து நிறுப்பாரா?"

ஷிராஸ் தாடியைத் தடவிக்கொண்டார். "இன்னொண்ணும் ஈக்கி, சண்முகநாதன் அண்ணே. ஓவர்டேக் பண்ற டைவர் யாருக்காக ஓவர்டேக் பண்றான்? முனியக் கும்பிடத்தானே? பக்தில முந்துறவன நாங்க எப்பிடித் தடுக்கிய? நாளைக்கு ஷிராஸ் மத விசயத்துல கை வச்சான்னு எனக்குத்தான் ஏசுவாங்க."

இருந்தாலும் என் முறைப்பாட்டை அவர்கள் புறக்கணித்தார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. அன்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். கோயிலில் நிற்கும் பஸ்ஸை முந்துகிற பஸ், முந்தும் வேளையில் மூன்று முறை ஹோன் அடித்து முனிக்கு அறிவிக்க வேண்டும். எனக்கு ஒரு பிளேன்டீயும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கூட்டத்தில் கேட்டேன். கூட்டத்துக்கு வெளியே கேட்டேன். ஒவ்வொரு முறையும் பிளேன்டீ வந்தது. பின்னேரங்களில் மகள் வரும் நேரத்துக்கு முடக்கில் போய் நின்றேன். கையைக் காட்டி வருகிற பஸ்ஸை மறிப்பேன். சாரதிமார் கையைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போவார்கள். "கிழவன் டாட்டா காட்டுது" என்று ஒரு கண்டக்டர் சொன்னது என் காதில் விழுந்தது.

கடைசியில் பூசாரி மூக்கையாவிடம் போனேன்.

"மூக்கையா, முனி எடம் மாறச் சம்மதிக்குமா?"

"சம்மதம் கேட்டா கொண்டாந்தாங்க? சீமெந்து மூட்டையோட லொறில ஏத்தித்தானே கொண்டாந்தாங்க."

"இல்ல, வருசப் பூசையில ஒனக்குச் சாமி வருமே, அந்த நேரம்…"

மூக்கையா முகத்தைக் கடுமையாக்கினான். "அண்ணே, அந்தப் பேச்சு வேணாம். சாமி வந்தா சாமிதான் பேசும். மூக்கையா பேச மாட்டான்." எழுந்து விளக்குக்கு எண்ணெய் விட்டான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஆனா புள்ள கொட போன அன்னைக்கு நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். சாமி மட்டும் கண்ண மூடிக்கிட்டா இருந்திருக்கும்?"

வருசப் பூசை வந்தது. பஸ்கள் எல்லாம் கழுவி, மாலை போட்டு, முடக்கில் இருந்து மடுவம் வரை வரிசையாக நின்றன. முதல் மரியாதை தலைவரின் பஸ்ஸுக்கு. எந்த பஸ் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடுக்கு ஏற ஏற மூக்கையா ஆடத் தொடங்கினான். ஆடியவன் அரிவாளோடு நேரே தனபாலனின் முன்னால் போய் நின்றான்.

"டேய் தனபாலா!"

எங்கள் ஊரில் அவரை அப்படிக் கூப்பிட முனி ஒருவருக்குத்தான் உரிமை உண்டு.

"சாமி!"

"ராத்திரி பகலா என் காதுக்குள்ள ஹோன் அடிக்கிறீங்களேடா! மூஞ்சியில பொகைய ஊதுறீங்களேடா! என்னையப் பாக்க வர்ற புள்ளைக வீடு போய்ச் சேர வேணாமாடா? தூக்குடா என்னைய! மடுவத்து வெளியில வையிடா!"

"சாமி, அது தோட்டத்துக் காணி சாமி. தொரைக்கிட்ட அனுமதி வாங்கணும். கமிட்டி கூடணும்…"

"தூக்கலேன்னா ஒன் பஸ்ஸுல ஒரு டயர் மிஞ்சாதுடா! அத்தனையும் வெடிக்கும்!"

மனித உயிரைப் பற்றிச் சொன்னபோது கமிட்டி கூட வேண்டியிருந்தது. டயர் என்றதும் எல்லா முதலாளிமாரும் ஒரே நேரத்தில் நிலத்தில் விழுந்தார்கள். ஷிராஸ் விழவில்லை, ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடையவை புது டயர்கள். அடுத்த வாரமே தோட்டத் துரையிடமிருந்து அனுமதி வந்தது. நான் வருடக்கணக்காகக் கேட்டது பத்து நாளில் நடந்தது. முனி மடுவத்து வெளிக்குக் குடிபோனார்.

மூக்கையாவிடம் நன்றி சொல்லப் போனேன். "எதுக்குண்ணே? நான் என்ன பேசுனேன்னு எனக்கே தெரியாது" என்று திருநீற்றைப் பூசி அனுப்பிவிட்டான்.

மகிழ்ச்சியோடு முடக்குக்குப் போனால், ஆளில்லாத கோயிலுக்கு முன்னால் ஒரு பஸ் நிற்கிறது. இன்னொரு பஸ் அதை முந்துகிறது. மூன்று ஹோன். நான் சங்கத்துக்கு ஓடினேன்.

"முனிதான் போயிட்டாரே, இன்னும் எதுக்கு அங்க நிப்பாட்டுறாங்க?"

"கோயில் நிக்குதேண்ணே" என்றார் தனபாலன்.

"அத ஒடச்சிருங்க."

"எப்பிடி ஒடைக்கிறது? கல்லு பதிச்சிருக்கே. எங்க எல்லாரு பேரும் இருக்கு. ராஜேஸ்வரி அக்கா பேருகூட இருக்கு. ஒங்களுக்கே மனசு வருமா?" அவருக்குக் கண் கலங்கியது. "எடத்துக்கு ஒரு மரியாத, சாமிக்கு ஒரு மரியாத. இப்ப ரெண்டு எடத்துல நிக்கிறோம். ரெட்டைப் பாதுகாப்பு!"

இவ்வாறு எங்கள் பாதையில் முந்துவதற்குரிய இடங்கள் இரண்டாகின. ஒன்றை மறுக்க முடியாது. மடுவத்து வெளியில் பஸ் நிற்பதால் என் மகள் இப்போது அங்கேயே இறங்குகிறாள். இரு பக்கமும் பார்த்து, பாதையைக் கடந்து, ஓரமாக நடந்து வீட்டுக்கு வருகிறாள். நான் இரவில் தூங்குகிறேன். முடக்கு வழக்கத்தை விடாமல் இன்னும் அங்கேயே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரோ ஒருவருடைய பிள்ளைகள்.

சென்ற மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அன்றும் எனக்கு முன்வரிசை. கூட்டம் முடிந்து தலைவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்ப் பெருமையோடு காட்டினார். சீமெந்து மூட்டைகள் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. கம்பி, ஓடு, குவித்த மணல், ஒரு பித்தளை மணி.

"எதுக்கு தம்பி இதெல்லாம்?"

"அடுத்த கோயிலுக்கு. போன தடவ அவசரத்துல சாமான் கெடைக்காம அலஞ்சோமே. இந்தத் தடவ முன்கூட்டியே எடுத்து வச்சிட்டோம்."

"எந்த எடத்துல கட்டப் போறீங்க?"

"அத இப்பவே எப்பிடிண்ணே சொல்றது?" என்று தனபாலன் கபடமில்லாமல் சிரித்தார். "நடந்தாத்தானே தெரியும்."

இப்படி ஒரு முன்யோசனையை வேறு எந்த நாட்டு வீதிப் பாதுகாப்பிலும் காண முடியாது. பூசாரி தயார். மணல் தயார். மணி தயார். ஆள்தான் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.