ரோமாபுரி மகாலட்சுமி

கலை எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். அது எங்கே காப்பாற்றப்பட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். செங்கல்பட்டு ஜில்லாவில், திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு சவுக்குத்தோப்புக் கிராமத்தில், 1955-ஆம் வருஷம், ஐந்து பேர் கொண்ட ஊர்க் கமிட்டியால் காப்பாற்றப்பட்டது. அந்தத் திருப்பணியில் பேனா பிடித்த பெருமை குமாஸ்தா உலகநாதனையே சேரும்.

சேரிக்குச் சர்க்கார் செலவில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கிணற்றில் சேரிக் குடம் படக்கூடாது என்பது ஊரின் 'ஒழுங்கு'. அதனால் சேரிச் செங்கம்மாளும் மற்றப் பெண்களும் தினம் ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். எட்டடி ஆழத்தில் ஈரமண் தெரிந்த அன்றைக்கே மண்வெட்டி ணங்கென்றது. வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு தூணின் தலைப்பாகம். சுற்றிலும் சுருண்ட இலைகள். நடுவே இறக்கை விரித்த ஒரு பெண்.

உலகநாதனுக்குப் புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது ரோமாபுரித் தூணுங்க. இங்க பங்களா கட்டின வெள்ளைக்காரன் எவனோ தோட்டத்துல வைக்கக் கொண்டாந்திருப்பான்."

"ரோமாபுரியா? அது எந்தத் தாலுகா?" என்றார் கமிட்டித் தலைவர் அருணகிரி. ஊரில் பாதி நிலம் அவருடையது. ஆகவே சரித்திரத்திலும் பாதி அவருடையதுதான்.

"கடல் தாண்டிங்க."

"யோவ், நல்லா பாரு. மகாலட்சுமிய்யா இது!"

"ரெக்கை கீதுங்களே?"

"முந்தானைய்யா அது! கடக்கரை ஊரு, காத்துல பறக்காம இன்னா பண்ணும்?"

கமிட்டிக்கு மெய்சிலிர்த்தது. கலைச்செல்வம் கிடைத்த இடத்தில் இனி மண்வெட்டி படலாகாது, குழியை உடனே மூடவேண்டியது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. "உள்ள இன்னும் எத்தினி சாமி கெடக்குதோ, வெட்டுப்பட்டா பாவம் யாருக்கு?" என்று அருணகிரி கண்கலங்கினார்.

செங்கம்மாள் ஓடிவந்தாள். "கல்லத்தான் எடுத்துட்டீங்களே சார். இன்னும் ரெண்டடியில தண்ணி கீது. மூடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சர்க்காருக்குப் போகும் அறிக்கையில் 'பழைய தோட்டத்துக் கல்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், கிணறு பிழைத்துக்கொள்ளும். உலகநாதனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய உத்தியோகம் தற்காலிகம். அதை நிரந்தரமாக்கும் சிபாரிசுக் கடிதம் அருணகிரியின் சட்டைப்பையில் இருந்தது. 'பல்லவர் காலத்து மகாலட்சுமி' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்திட்டார். சாயங்காலத்துக்குள் குழி மூடப்பட்டது.

வெள்ளிக்கிழமை மேளதாளத்தோடு சீமாட்டியை ஊர்க்கிணற்று மேடையிலேயே எழுந்தருளச் செய்தார்கள். அதே கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து நூற்றெட்டுக் குடம் அபிஷேகம். மஞ்சள் என்ன, குங்குமம் என்ன, கற்பூரம் என்ன! கடல் கடந்து வந்த பெண்ணுக்கு இப்படி ஒரு உபசாரம் வேறெந்தத் தேசத்தில் நடக்கும்? வழிந்த தண்ணீர் சாக்கடையாய்த் தெருவில் ஓடியது.

செங்கம்மாள் காலிக் குடத்தோடு தெருவின் எதிர்ப்பக்கம் நின்றாள். உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நெசத்தச் சொல்லு சார். இந்தம்மாவுக்கு எந்த ஊரு?"

"ரோமாபுரி" என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

"அப்ப இவங்க இன்னா சாதின்னு கேட்டுகினுதான் கெணத்து மேல ஏத்துனாங்களா சார்?"