வெட்டவெளிப் பாலம்

வரைபடத்தை மடிக்கும்போது கசங்கிப்போகும் ஓரத்தில் எல்லைமேடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஓர் ஆறு. ஆற்றுக்குப் பாலம் இல்லை. நொடிந்த நாடுகளில் முதலீடு செய்வதற்கென்றே பிறந்த ஏழ்கடல் நிதியம், பாலம் கட்டித்தர முன்வந்தது.

நிதியத்தின் தூதர் வந்தார். ஆற்றைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"அபாயகரமான இடம். வெள்ளம் வரலாம். அக்கரையில் கலகக்காரர்கள் இருக்கலாம். எங்கள் முதலீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும்."

"எங்கே கட்டினால் பாதுகாப்பு?" என்றார் அமைச்சர் மதிவாணர், குனிந்தபடி.

அரண்மனைக்கு எதிரே இருந்த வெட்டவெளியைத் தூதர் காட்டினார்.

பாலம் எழுந்தது. கீழே தண்ணீர் இல்லை, பள்ளம்கூட இல்லை. ஆனால் ஒப்பந்தம் இருந்தது. தினமும் பத்தாயிரம் பேர் சுங்கம் கட்டிக் கடக்க வேண்டும். குறைந்தால், கடக்காதவர்களுக்கும் சேர்த்து மன்னர் கட்ட வேண்டும்.

முதல் நாள் கடந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் வழிதவறி வந்தவர்.

மன்னர் அலறினார். ஆணை பறந்தது: பாலத்தை ஒட்டித் தரையில் நடப்பது ராஜத்துரோகம். போதவில்லை. அடுத்த ஆணை: முரசு ஓயும்வரை குடிகள் அனைவரும் பாலத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் போதவில்லை. ஆடுகளும் கணக்கில் சேர்ந்தன, ஓர் ஆடு அரை ஆள் என்று.

காத்தாயிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பாலத்தின் இறக்கத்துக்கு அப்பால் அவள் வயல். நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் அறுத்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க அதுதான் சோறு.

"காவக்கார அண்ணே, ஏறி இறங்கியே முட்டி தேஞ்சுபோச்சு. ஒரு பொழுது விடுங்க. அறுத்துப்போட்டுட்டு ஓடியாந்துடறேன்."

"அட போ தாயி! ஆளு குறைஞ்சா என்னையும் ஆட்டுக் கணக்குல சேத்துடுவாங்க."

பின்னால் வந்த சடையன் சிரித்தான். "உனக்கு அரை ஆளே அதிகம்யா!"

காவலன் ஈட்டியைத் தரையில் தட்டினான். "நட, நட!"

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு காத்தாயி வயல் பக்கம் நழுவப் பார்த்தாள். பிடிபட்டாள். அரிவாள் பறிமுதல். தண்டனையாக இருபது நடை கூடுதல்.

மறுநாள் தூதர் ஆய்வுக்கு வந்தார். பாலம் கொள்ளாத கூட்டம்.

"அடடா! இங்கே இவ்வளவு தேவை இருந்திருக்கிறதே!" தூதருக்குக் கண் கலங்கியது. "அந்த நெல் ஏன் அறுக்காமல் கிடக்கிறது?"

மதிவாணர் தொண்டையைச் செருமினார். "மக்கள் உழவை விட்டுப் பாலத்துக்கு மாறிவிட்டார்கள்."

"மகத்தான வளர்ச்சி! இரண்டாவது பாலத்தை அங்கேயே கட்டுவோம்."

முளைக்குச்சிகளோடு ஆட்கள் வயலை நோக்கி ஓடினார்கள். பாலத்தின் உச்சியிலிருந்து காத்தாயி பார்த்துவிட்டாள்.

"ஐயோ சாமி, அது என் வயலு! புள்ளைங்க சோறு! கை வைக்காதீங்க!"

கூட்டத்தின் இரைச்சலில் தூதருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?"

"நிலத்தைத் தருகிறாளாம். சீக்கிரம் கட்டச் சொல்கிறாள்" என்றார் மதிவாணர்.

தூதர் நெகிழ்ந்துபோய் அவளுக்குக் கையசைத்தார். "பிறகென்ன தாமதம்?"

நிலத்தைச் சமன் செய்ய யானைகள் நெல்லுக்குள் இறங்கின. காத்தாயி திமிறினாள். பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. நிற்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அவளையும் தள்ளிக்கொண்டே போனார்கள்.

இறக்கத்தில் நின்ற காவலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளையும் கணக்கில் எண்ணினான்.

"ஒண்ணு."