கறுப்புப் பைக்குள் மஞ்சள் பெட்டி

குப்பை லாரி போய்விட்டது. லோர்னாவின் கறுப்புப் பை மட்டும் வாசலோரம் உட்கார்ந்திருந்தது, நெற்றியில் ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கரோடு: "உள்ளே அட்டை இருக்கிறது. அதைத் தனியாகப் போடவும். எடுக்க மாட்டோம்."

"தொட்டுப் பாத்தே கண்டுபிடிச்சுட்டான் பாரு," என்றார் கணவர் மர்ரே.

"மெதுவாப் பேசுங்க. தெரு கேக்குது."

நோவா ஸ்கோஷியாவின் அந்த மீன்பிடி ஊரில் குப்பையை உள்ளே இருப்பது தெரியும் பையில்தான் போட வேண்டும். மானம் மறைக்க வீட்டுக்கு ஒரே ஒரு கறுப்புப் பை. அதில் லோர்னா மறைத்தது, கடையில் வாங்கிய மீன் கட்லட்டின் மஞ்சள் நிறக் காலிப் பெட்டிகளை. சர்ச் விருந்தில் இருபது வருஷமாக அவள் கட்லட்தான் முதலில் தீரும். இந்த வருஷம் மணிக்கட்டு வலி. கடைக் கட்லட்டைத் தன் தட்டில் அடுக்கிக் கொண்டுபோனாள். அதுவும் முதலில் தீர்ந்தது.

எதிர்வீட்டுத் தெல்மா தெருவைக் கடந்து வந்தாள். விருந்துக் குழுவின் தலைவி. சமைக்காமல் வாங்கி வருகிறவர்களை ஜாடையாகப் பேசியே பாதி ஊரை அடக்கி வைத்திருப்பவள்.

"பையை விட்டுட்டுப் போயிட்டானா? உள்ள என்னடி?"

"செருப்புப் பெட்டி."

"செருப்பு வாங்கினதுக்கா கறுப்புப் பை? நல்ல கூச்சம். சரி, வெள்ளிக்கிழமை மறந்துடாத. உன் கட்லட்டைக் கத்துக்கப் பதினெட்டுப் பேர் வராங்க."

வெள்ளிக்கிழமைக்குள் பெட்டிகள் ஊரைவிட்டே போயாக வேண்டும்.

"வியாழக்கிழமை சமையல் கழிவுக்கான பச்சைத் தொட்டி எடுப்பாங்கல்ல," என்றார் மர்ரே. "அதுல அடியில போட்டுடு. மேல நான் மீன் குடலைக் கொட்டிடறேன். அந்த நாத்தத்துல எவன் கை வைப்பான்?"

கை வைக்க எவனும் வரவில்லை. குப்பைத் தொட்டி கவிழ்க்கும் காட்டுப் பிராணி ரக்கூன் வந்தது. குடும்பத்தோடு வந்தது. வியாழன் விடிந்தபோது தெருவில் பாதித் தொட்டிகள் மல்லாந்து கிடந்தன. போதாக்குறைக்குக் கடல்காற்று வேறு. மஞ்சள் பெட்டிகள் புல்வெளி புல்வெளியாக உருண்டுகொண்டிருந்தன.

"எல்லாம் உங்க மீன் குடலால வந்தது," என்று மர்ரேயிடம் சீறிவிட்டு, வீட்டு அங்கியோடு ஓடினாள் லோர்னா. ஒன்றைக் குனிந்து எடுத்தால் இன்னொன்று நழுவியது. தெல்மா வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

அதற்குள் லாரி வந்து நின்றது. குப்பை எடுக்கும் க்ளைட் இறங்கி, இடமும் வலமுமாகப் பொறுக்கியபடி அவளை நோக்கி வந்தான். அவன் கக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டு.

இனி மறைத்து என்ன? அவனாகப் போய்ச் சொல்வதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள் லோர்னா.

"க்ளைட், ஊர்ல யார் கேட்டாலும் மறைக்காத. கடையில வாங்கினவ நான்தான். அந்த நாலு பெட்டியும் என்னோடதுதான்."

க்ளைட் கட்டைக் குனிந்து பார்த்தான்.

"நாலுதானாக்கா? என் கையில பதினொண்ணு இருக்கு. தெல்மாக்கா வீட்டுத் தொட்டிப் பக்கம் நான் இன்னும் போகவே இல்ல."