காசி புரொபசரின் தாடி

"தாடி கீதா சார் அவருக்கு?" என்று கேட்டார் பியூன் துலுக்காணம்.

"தாடி இல்லாமலா! மார் வரைக்கும் கீது. தலைமுடி சிங்கத்துப் பிடரி மாதிரி. புக்கு மொதப் பக்கத்துலயே படம் போட்டுக்கீது" என்றான் கோவர்த்தனன்.

"அப்பிடி ஒருத்தரும் கெஸ்ட் ஹவுஸ்ல இல்ல சார். ராத்திரி வந்து படுத்தவரு, பொழுது விடியறதுக்குள்ள எங்கியோ போய்ட்டாரு. பெட்டி மட்டும்தான் கீது."

வேறு எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று கோவர்த்தனனுக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, வைவா.

ஆந்திரா தனியாகப் பிரிந்த சூட்டோடு திருப்பதியில் முளைத்த பல்கலைக்கழகம் அது. சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அங்கே தாவரவியலில் தற்காலிக விரிவுரையாளன் கோவர்த்தனன். விஜயபுரத்துக் கடலைக்காட்டில் வளர்ந்தவன். வேர்க்கடலை இலையில் விழும் புள்ளி நோயைப் பற்றி ஆராய்ச்சி எழுதியிருந்தான். அதைச் சோதிக்க வந்திருப்பவர் சாதாரண ஆளா? நாடு முழுக்கத் தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அவர் புத்தகத்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள். பிறந்த ஊர் எதுவோ, காசியில் பாடம் நடத்தியதால் எல்லோருக்கும் அவர் காசி புரொபசர்.

கல்விக் குழு வருஷத்தில் இரண்டே முறைதான் கூடும். இன்று காசி புரொபசர் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கோவர்த்தனனின் தற்காலிக வேலை முடிந்துவிடும். ஊரில் வேறு எல்லைக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். விஜயபுரம் ஆந்திராவில் நிற்குமா, மெட்ராஸுக்குப் போகுமா என்று ஊரே குழம்பிக் கிடந்தது. அவன் அப்பா மட்டும் குழம்பவில்லை. "கல்ல எந்தப் பக்கம் வேணா நடட்டும். எம் புள்ள ரெண்டு பக்கமும் டாக்டருதான்" என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

கோவர்த்தனன் கூட்ட அறையின் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். நீள மேஜையைச் சுற்றிக் கல்விக் குழு உட்கார்ந்திருந்தது. தலைப்பாகைகள், நீளக் கோட்டுகள், சரிகை அங்கவஸ்திரங்கள். ராயலசீமையில் எந்தப் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மூளைகள் எல்லாம் ஒரே மின்விசிறிக்கு அடியில்! அவர்கள் இருமினால்கூட அதில் ஏதோ பொருள் இருப்பதாக அவனுக்குப் பட்டது. புல்லரித்தது.

ரிஜிஸ்ட்ரார் வெளியே வந்தார். "ஏமய்யா, எக்ஸாமினர் எங்கே?"

"பூஜையில இருக்கார் சார். அரை மணி நேரத்துல வந்துடுவார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பொய்யைக் குழு வீணாக்கவில்லை. அரை மணி நேரம் கையில் இருக்கிறது. அவ்வளவு பெரிய மனிதரைச் சும்மா வரவேற்கலாமா என்று ஒருவர் கேட்டார். மாலை போட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. யார் போடுவது என்று அதற்கு ஒரு திருத்தம் வந்தது. திருத்தத்தைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு அமைந்தது. துணைக்குழு காபி கேட்டது. இத்தனை நுணுக்கமாக யோசிக்கிறார்களே என்று கோவர்த்தனன் வாயைப் பிளந்தான். பிறகுதான், மாலை வாங்க ஆள் போவதையும், போட்டோ பிடிக்கிறவன் சைக்கிளில் வந்து இறங்குவதையும் பார்த்தான். பார்த்ததும் வியர்த்தது.

துலுக்காணம் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சார், துப்பு கெடச்சிபோச்சி! மார் வரைக்கும் தாடி வச்ச வடநாட்டுப் பெரியவரு ஒருத்தரு காலைல மலை பஸ்ஸு ஏறினாராம்."

"நான் ஓடறேன். உள்ள கேட்டா இன்னும் பூஜைன்னு சொல்லு."

"எவ்ளோ நேரம் சார் பூஜைன்னு சொல்றது?"

"பெரியவங்க பூஜை பெருசாத்தான் இருக்கும்!"

திருமலையில் மொட்டையடிக்கும் கூடத்து வாசலில் நீண்ட வரிசை. கோவர்த்தனன் தலை தலையாகப் பார்த்துக்கொண்டே போனான். நடுவில் நின்றது அந்தத் தாடி. வெள்ளை வெளேரென்று மாரில் இறங்கி நின்றது. பிடரியும் அப்படியே. ஐயோ, இந்தத் தாடியையா காணிக்கை கொடுக்கப் பார்த்தார்! ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் வந்தவரை யாருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்?

ஓடிப்போய்க் காலில் விழுந்தான். "காசி?" என்றான்.

"காசி, காசி!" என்று பெரியவர் மலர்ந்தார். அதற்கு மேல் அவர் பேசியதெல்லாம் இந்தி. கோவர்த்தனனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"புரொபசர் சாப்?"

பெரியவர் அவனுடைய கோட்டையும் டையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவன் குனிந்து இரண்டு கையாலும் வழிகாட்ட, சந்தோஷமாக வரிசையை விட்டு விலகி வந்தார்.

கீழே இறங்கும் பஸ்ஸில் அவரை முன்சீட்டில் உட்கார வைத்தான். பக்கத்தில் உட்காரத் துணிச்சல் வரவில்லை. அவ்வளவு பெரிய மேதையோடு தோள் உரச உட்காருவதா? பின்னால் போனான். பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. ஒரு மொட்டைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"முன்னால இருக்கிறவர் யார்? ரொம்ப மரியாதை பண்றீங்களே" என்று அவர் தெலுங்கில் விசாரித்தார்.

"காசி புரொபசருங்க. என் ஆராய்ச்சியைச் சோதிக்க வந்திருக்கார்" என்று இவனும் தெலுங்கிலேயே சொன்னான்.

"அப்படியா! எதைப் பத்தி?"

பயந்தவனுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதாதா? வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது, இவனும் கடலைச்செடியும் புள்ளியுமாகக் கொட்டித் தீர்த்தான். மொட்டைக்காரர் லட்டைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே இடையிடையே ஏதோ கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் பயம்?"

கோவர்த்தனன் குரலைத் தாழ்த்தினான். "அவர் புக்குல ஒரு எடம் தப்புங்க. நோய் விதையோட வருதுன்னு எழுதியிருக்கார். எங்க நைனா நிலத்துல நல்ல விதையைத்தான் போட்டேன். போன வருஷத்துச் சருகு கெடந்த எடத்துல எல்லாம் புள்ளி வந்துச்சு. சருகைப் பொறுக்கி எரிச்ச எடத்துல பேருக்குக்கூட இல்ல. எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"அதை எழுதியிருக்கீங்களா?"

"எழுதினேன். பயத்துல கடைசிப் பக்கத்துல சின்னதாப் போட்டுட்டேன். அவர் எப்பேர்ப்பட்டவர்! அவர் முகத்தைப் பார்த்து நான் எப்படிங்க தப்புன்னு சொல்வேன்?"

மொட்டைக்காரர் மிச்ச லட்டைப் பையில் போட்டு முடிந்துகொண்டார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவன் தோளைத் தட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

தாடிக்காரர் கூட்ட அறைக்குள் காலெடுத்து வைத்ததும் கல்விக் குழு மொத்தமும் எழுந்து நின்றது. மாலை விழுந்தது. போட்டோக்காரனின் விளக்கு பளிச்சிட்டது. வெள்ளித் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் கையெழுத்துப் போடப் பேனாவும் வைத்து ரிஜிஸ்ட்ரார் நீட்டினார்.

பெரியவர் தண்ணீரைப் பார்த்தார். சந்தோஷமாகச் சிரித்தார். ரிஜிஸ்ட்ராரின் காலடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆகா, என்ன பணிவு!" என்றார் ஒரு தலைப்பாகை. குழுவில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்குத் தலை குனிந்தார்கள். கோவர்த்தனனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவர் டம்ளர் தண்ணீரைத் தன் உச்சந்தலையில் ஊற்றி, தாடியிலும் தேய்த்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று ரிஜிஸ்ட்ரார் குழுவில் இருந்த இந்தி ஆசிரியரைப் பார்த்தார்.

"இவர் காசியில பட்டு வியாபாரமாம் சார். தனி வரிசையில மொட்டையடிக்கக் கூட்டி வந்ததுக்கு ரொம்ப நன்றியாம். நாவிதர் எப்ப வருவார்னு கேக்கறார்."

எல்லாத் தலைப்பாகைகளும் ஒரே சமயத்தில் கோவர்த்தனன் பக்கம் திரும்பின. அவன் நிற்கவில்லை. பின்கதவு வழியாக வெளியேறிக் கட்டிடத்துக்குப் பின்னால் மணல் குவியலில் போய் உட்கார்ந்தான். பட்டமும் போச்சு, வேலையும் போச்சு. நைனாவிடம் என்ன சொல்வது? சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் விஜயபுரம் போய்விடலாம். எந்த மாநிலமாக இருந்தாலும் கடலை பிடுங்க ஆள் வேண்டுமே!

உள்ளே திடீரென்று கைதட்டல் கேட்டது. தன்னை வேலையை விட்டு நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது போலிருக்கிறது என்று கோவர்த்தனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

துலுக்காணம் ஓடி வந்தார். "இங்க குந்திக்கினு இன்னா சார் பண்றீங்க? லட்டு பையோட ஒரு மொட்ட ஐயா உள்ள வந்து, தன் புக்குல ஒரு பக்கத்த குறுக்க கோடு போட்டு அடிச்சிட்டு, உங்க பட்டத்துல கையெழுத்தும் போட்டுட்டாரு. வைவா வேணாமாம், அது பஸ்ஸுலயே முடிஞ்சிபோச்சாம்!"