பாத்துக்குடு துரை

திருவண்ணாமலைக்கு வந்த வெள்ளைக்காரர்களிலேயே அதிகமாக வசவு வாங்கியவர் பாத்துக்குடு துரைதான். அந்த வசவில் பாதி எனக்கு வந்தது. ஏனென்றால் அவர் தங்கியிருந்த லாட்ஜுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, முதலாளி வந்தால் எழுந்து நிற்பது. எழுபதுகளின் கடைசி அது. கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பதினெட்டு ரூம், ஒரு கிணறு, ஒரு மோட்டார். மோட்டார் வாரத்தில் நாலு நாள் ஓடும்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். ஆறடி உயரம், ஒட்டிய கன்னம், தோளில் ஒரே ஒரு பை. பெல்ஜியமோ டென்மார்க்கோ, ரிஜிஸ்டரில் அவர் எழுதியதை நான் சரியாகப் படிக்கவில்லை. வண்டிக்காரனிடம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். எந்த வண்டிக்காரன் தொகை சொல்வான்?

"பாத்து குடுங்க சாமி" என்றான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று துரை என்னிடம் வந்தார். உள்ளே ஒரு யாத்திரைக் கோஷ்டி, குளிக்கத் தண்ணீர் இல்லை என்று என் சட்டையைப் பிடிக்காத குறை. விளக்கிச் சொல்ல எனக்கு ஏது பொறுமை? "லுக் அண்ட் கிவ்" என்றேன்.

நான் செய்த தப்பு அவ்வளவுதான். நாலு மாதம் அனுபவித்தேன்.

துரை தலையாட்டினார். திரும்பிப் போய் வண்டிக்காரனைப் பார்த்தார். சும்மா இல்லை, ஒரு முழு நிமிஷம், தலை முதல் கால் வரை. வண்டிக்காரனுக்கு நல்ல தொப்பை. அப்புறம் குதிரையைப் பார்த்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தெருமுனையில் புல்லு விற்றவளிடம் நாலு கட்டு வாங்கி வந்து குதிரைக்குப் போட்டார். வண்டிக்காரன் கையில் எட்டணா வைத்தார்.

"இன்னா சார் இது? வண்டிக் கூலி கேட்டா குதிரைக்கு விருந்து வெக்கறாரு?" என்று அவன் என்னிடம் வந்தான்.

"நீதானப்பா பாத்து குடுக்க சொன்ன. பாத்தாரு, குடுத்தாரு. போ."

நாலாம் நாள் முடிவெட்டிக்கொள்ளப் போனார். சலூன்காரரும் வெட்டி முடித்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார். துரை கண்ணாடியைக் கேட்டு வாங்கி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பின்மண்டைக்கு இன்னொரு கண்ணாடி கேட்டார். பார்த்து முடித்து, மற்றவர்கள் கொடுப்பதில் பத்து பைசா குறைத்துக் கொடுத்தார். சலூன்காரர் கத்தரிக்கோலோடு லாட்ஜுக்கு வந்துவிட்டார்.

"ஒரு பக்கம் ஏறிடுச்சாம். அந்தாளுக்கு காது ரெண்டும் ஒரே மட்டத்துலயா இருக்குது? அதுக்கு நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

என் பாக்கெட்டிலிருந்து பத்து பைசா எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மலை சுற்றுகிற வழியில் ஒரு சின்னக் கோயில். பூசாரி தட்டை நீட்டி, "பாத்து போடுங்க" என்றிருக்கிறார். துரை தட்டைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே சில்லறை நிறையக் கிடந்தது. பத்து ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டு, ஒன்பது ரூபாயைப் பொறுமையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். பூசாரிக்கு மந்திரம் நின்றுவிட்டதாம்.

இதற்குள் ரிக்‌ஷாக்காரர்கள் விவரம் தெரிந்துகொண்டார்கள். துரை சவாரி என்றால் போட்டுக்கொள்வதற்கென்று ஸ்டாண்டில் பொதுவாக ஒரு கிழிந்த சட்டை வைத்திருந்தார்கள். யார் ஓட்டினாலும் அதே சட்டை. மூன்று பேர் உடம்பில் அதைப் பார்த்த துரை, நாலாவது ஆளுக்குக் கூலியோடு ஊசியும் நூலும் வாங்கிக் கொடுத்தார்.

ஊரே சிரித்தது. எனக்குத்தான் பஞ்சாயத்து பண்ணியே தொண்டை வறண்டது.

ஆனால் அந்த ஆளுக்கு ஒரு கணக்கு இருந்தது. கையிலிருக்கும் பணம் கார்த்திகை தீபம் வரை வரவேண்டும். தீபம் பார்ப்பதற்கென்றே வந்தவர். அதற்கு ஏன் ஆடியிலேயே வந்தீர்கள் என்று கேட்டேன். அப்போது டிக்கெட் மலிவு என்றார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய், அதில் ரூம் வாடகை ஐந்து. காபி ஒரு வேளைதான். மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த சோப்பை நூலால் அறுத்து மாதத்துக்கு ஒரு துண்டு.

இவ்வளவு கஞ்சம் பிடித்தும் பணம் கரைந்தது. எப்படி என்று ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது. அடி அண்ணாமலையில் வேர்க்கடலை விற்கிற ஒரு அம்மாவிடம் அரை ரூபாய்க் கடலைக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"பத்து ரூபாய்க்குக் கூடையையே வாங்கலாமே சார்" என்று கத்தினேன்.

காலில் புண், துணி சுற்றியிருந்தாள் என்றார். அப்புறம், "பார்த்துவிட்டேனே" என்றார்.

விசாரித்தால் தினம் இப்படித்தான். தொப்பைக்காரனிடம் மிச்சம் பிடித்த எட்டணாவெல்லாம் இருமுகிறவன், நொண்டுகிறவன் என்று நாலு மடங்காகப் போயிருக்கிறது. மற்றவர்களைப் போல முகத்தைப் பார்க்காமல் காசை வீசிவிட்டுப் போயிருந்தால் தீபம் வரை தாராளமாக வந்திருக்கும். பார்க்கச் சொன்னவன் நான்.

கார்த்திகை பிறந்ததும் முதலாளி வந்தார். எழுந்து நின்றேன்.

"நாளையிலேர்ந்து எல்லா ரூமும் அஞ்சு மடங்கு. அந்த தொரகிட்டயும் சொல்லிடு."

"நாலு மாசமா இருக்காருங்க. தீபத்துக்கு இன்னும் ஒம்போது நாள்தான். அவர்கிட்ட அவ்ளோ இல்லீங்க."

"நாலு மாசம் கம்மியா குடுத்தாரு இல்ல? இப்ப ஜாஸ்தி குடுக்கட்டும். இல்லாட்டி காலி பண்ண சொல்லு. சேலத்து பார்ட்டி அட்வான்ஸோட வருது."

மாடிக்குப் போய்ச் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டிலில் பணத்தைப் பரப்பி, விமானம் ஏற மெட்ராஸ் போகத் தேவையானதைத் தனியே வைத்தார். மிச்சம் இரண்டு நாள் வாடகைக்குக்கூட வரவில்லை. "ஒன்பது நாள்" என்றார். அப்புறம் தமிழில், "பரவால்ல" என்றார். வேட்டியை மடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு ஒரே எரிச்சல். அந்த ஆள் மேலே, முதலாளி மேலே, என் இங்கிலீஷ் மேலே. "பையை எடுங்க சார்" என்று அதட்டி, என் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்தேன். வேங்கிக்காலில் என் வீடு போய்ச் சேரும் வரை அவருடைய இரண்டு காலும் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தன.

என் மனைவி வாசலிலேயே மடக்கினாள்.

"யாரு இவரு? எத்தினி நாளைக்கு?"

"ஒம்போது நாள்."

"நம்ம ரெண்டு பேருக்கே அரிசி இழுத்துக்கினு கெடக்குது. சத்திரமா இது? சும்மாவா தங்கப் போறாரு?"

"சும்மா இல்ல. சாப்பாட்டுக்கும் சேத்து முன்பணம் வாங்கிட்டேன்" என்று முப்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். புது சைக்கிள் டயருக்கென்று தீபாவளி போனஸில் அவளுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்த பணம். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவருக்கு ராஜ உபசாரம்.

தீபத்தன்று சாயங்காலம் எங்கள் வாசலிலேயே நின்றார். மலை உச்சியில் தீ எழும்பியது. தெருவே அரோகரா போட்டது. துரை பார்த்துக்கொண்டே இருந்தார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"மொத்த காசும் முன்னாடியே குடுத்துட்டு, ரெண்டாவது வாட்டி சோறு போட்டா வேணாம்னு கைய வெச்சு மறைக்கறாரு" என்றாள் என் மனைவி. "எவ்ளோ நல்ல மனுஷன் இல்ல?"

நாலு மாதமாக அந்த ஆளால் நான் பட்டதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். "ஆமா" என்றுதான் வந்தது.