பாவில் இறங்கிய பூநாரைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நகரியில் ஐந்தாம் வகுப்பு முடித்ததோடு என் சிலேட்டு தங்கச்சி கைக்குப் போய்விட்டது. முன்னே வரவேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி வேறு. நேற்றுகூட மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினேன். ஆனால் ஒரு ஏரியில் இருந்த பறவைகளை எல்லாம் நான் ஒருத்தியாக விரட்டிய கதை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. நானே மறந்தாலும் வீட்டில் விட மாட்டார்கள்.

எங்கள் சித்தூர் ஜில்லா மெட்ராஸ் ராஜதானியோடு இருந்த காலம் அது. சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அதனால் நகரியில் நூல் கிடைக்கவில்லை. (எங்கோ யாரோ சண்டை போட்டால் எங்கள் தெருவில் ஏன் நூல் இல்லாமல் போகவேண்டும்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) வீட்டுத் தறி சும்மா நின்றது. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, தினமும் அதைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஏதோ உடம்பு சரியில்லாத மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.

எங்களுக்குத் தெரிந்த எஸ்தர் அக்கா சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். வார்டில் கூடமாட வேலை செய்ய ஒரு பெண் வேண்டும் என்று அங்கே தேடினார்கள். எஸ்தர் அக்கா அங்கிருந்த பெரிய டாக்டரம்மாவிடம் என்னைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்: "அவ வாயத் தொறந்து பேசி நான் பாத்ததே இல்லம்மா."

அது உண்மை. யாராவது வீட்டுக்கு வந்தால் நான் தறிக்குழியில் இறங்கி ஒளிந்துகொள்வேன். டாக்டரம்மாவுக்கோ அமைதிதான் முக்கியம். வார்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் விழவிட்டவளுக்கு அன்றைக்குப் பாட்டு. எனவே உலகத்தில் எனக்கென்றே செய்த வேலை அது.

"பாத்துட்டுத்தான் எடுப்பேன்" என்றாராம் டாக்டரம்மா. "ஏரிக்குப் பட்சி பாக்கப் போறோமே, அதுல அவளையும் கூட்டிக்கிட்டு வா. அங்க மூச்சு விடுறதே மெதுவாத்தான் விடணும். ஒரு நாள் கூட இருந்தா தெரிஞ்சுடும்."

அந்தப் பயணத்துக்குத் தலைவர் திருப்பதிக்காரர், அலிபிரிப் பக்கம் வீடு, தெலுங்குப் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் அவரை ஐவாரு என்பார்கள். பனிக்காலத்தில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய்ப் புலிக்காட் (பழவேற்காடு) ஏரியில் பறவை காட்டுவது அவருக்கு ஒரு பைத்தியம். (துட்டு வாங்க மாட்டார். அதனால்தான் பைத்தியம் என்கிறேன்.)

திருப்பதி ஸ்டேஷனில் என்னை ஒப்படைக்க வந்த நைனா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"வாயத் தொறக்காத. இந்த வேல கெடச்சாத்தான் நம்ம ஊட்ல அடுப்பு எரியும். அப்புறம், பாத்து நட. கைய கால ஒடச்சிக்கினு வந்தியானா நேரா புத்தூருக்குத்தான் கட்டு போட இட்டுக்கினு போவணும்."

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

ரேணிகுண்டாவில் ஒரு ரயில், கூடூரில் ஒரு ரயில் மாறி சூலூர்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து மறுநாள் விடியுமுன்னே மாட்டு வண்டி. வழியெல்லாம் நான் பேசவே இல்லை. ஐவாரு இட்லிப் பொட்டலத்தை நீட்டி, "தீஸ்கோம்மா, துன்னு" என்றபோதுகூடப் பல்லைக் காட்டினதோடு சரி. டாக்டரம்மா என்னைப் பார்த்து எஸ்தர் அக்காவிடம் தலையை அசைத்தார். எஸ்தர் அக்கா என் தொடையில் கிள்ளி, "பாதி வேல கெடச்சிடுச்சுடி" என்று கிசுகிசுத்தார்.

கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தி ஐவாரு சட்டம் சொன்னார். செருப்பைக் கழற்ற வேண்டும். இருமல் வந்தால் முந்தானையைக் கடிக்க வேண்டும். கையை நீட்டிக் காட்டக்கூடாது, கண்ணால்தான் காட்டவேண்டும். "ராஜஹம்சலு ரொம்பக் கூச்சப்படும்மா. தூரத்துல எறங்கும். மெல்ல மெல்ல மேஞ்சிக்கினு நம்ம கிட்ட வரும். நாம செடி மாதிரி நிக்கணும்."

ராஜஹம்சலு என்று அவர் சொன்னது பூநாரைகளை. கூச்சப்படும் என்று கேட்டதும் எனக்கு அந்தப் பறவைகள்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நான் எங்கள் வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தறியில் ஏற்றுமுன், நீளவாக்கில் போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசிக் காயவைப்பார்கள். நடுநடுவே குச்சிகளைக் குறுக்காக நட்டுத் தாங்கல் கொடுத்திருக்கும். விடிகாலையில்தான் இந்த வேலை. கஞ்சி வாசனைக்குக் காக்காய், குருவி எல்லாம் வந்து இறங்கிக் கொத்தும். நூல் அறுந்தால் போச்சு, அத்தனையும் முடிச்சுப் போட வேண்டும். அதனால் பறவை விரட்டுவது வீட்டுச் சின்னப்பிள்ளைகள் வேலை. எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் வேலை. மனுஷர்களிடம் வராத குரல் காக்காயிடம் நன்றாக வரும். தெருக்கோடியில் தூங்குகிறவர்கள் நான் கத்தினால் எழுந்து பல் விளக்கப் போவார்கள்.

சரி, ஏரிக்கு வருகிறேன்.

பனி மூட்டம். நாங்கள் புதர் ஓரம் குந்தியிருந்தோம். முந்தின நாள் ரயிலில் தூங்காத கண் எனக்குச் சொருகிக்கொண்டு போனது. திடீரென்று ஐவாரு, "வச்சேசாயி, வந்துடுச்சி" என்று மூச்சுக்காற்றில் சொன்னார். கண்ணைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் நீளமாக, வெள்ளையாக, ஈரத்தில் பளபளவென்று ஏதோ விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் குறுக்குக் குச்சிகள் நட்டு நூல் நூலாகக் கட்டியிருந்தது. (வெள்ளையாகத் தெரிந்தது ஏரித் தண்ணீர், நூல் செம்படவர்கள் காயப்போட்ட வலை என்று பிறகுதான் தெரிந்தது.) அதன்மேல் வானத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

நான் யோசித்திருந்தால்தானே சொல்வதற்கு? உடம்பு தானாக எழுந்தது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகி, இரண்டு கையையும் ஓங்கித் தட்டி, "ஓஓஓஓய்! ஹுய்! ஹுய்! பாவுல எறங்குது பார்டா!" என்று ஒரு கூச்சல் போட்டேன். போட்டதோடு நிற்காமல் கரையோரம் ஓடவும் செய்தேன். பாவு நெடுக ஓடினால்தானே கடைசிக் காக்காயும் எழும்?

எழுந்தன. பூநாரை, கூழைக்கடா, கொக்கு, வாத்து, பேர் தெரியாத குஞ்சு குளுவான் வரைக்கும் எல்லாம் எழுந்தன. ஏரியே எழுந்து போவதுபோல் இருந்தது. உட்கார்ந்திருந்தபோது வெளுப்பாக இருந்த பூநாரைகள் இறக்கையை விரித்ததும் உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. சாயப்பட்டறையில் அப்போதுதான் முக்கி எடுத்த பட்டு மாதிரி வானம் முழுக்கச் சிவப்பு. 'ஐயோ, காக்கா சிவப்பா இருக்குதே' என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு முழு விழிப்பு வந்தது. அந்த விழிப்பிலேயே சேற்றில் கால் புதைந்து முகம்குப்புற விழுந்தேன்.

"எந்த பனி சேசாவம்மா!" என்று ஐவாரு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னாம்மா காரியம் பண்ணிட்ட! பறவ பாக்க வந்தியா, போருக்கு வந்தியா?"

எஸ்தர் அக்கா என்னைச் சேற்றிலிருந்து இழுத்தபடியே, "ஏண்டி, பொறந்ததுலேர்ந்து சேத்து வச்ச பேச்செல்லாம் இன்னைக்குத்தான் பேசணுமாடி?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

நான் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் வண்டியின் பின்பக்கம், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காய்ந்த சேற்றை உரித்தபடி உட்கார்ந்திருந்தேன். அணைந்த அடுப்பும் நைனா முகமும்தான் கண்ணில் நின்றன. டாக்டரம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐவாருவிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தார், முடியாமல் மறுபடி குலுங்கினார். அப்போதுதான் புரிந்தது, அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஐவாருவும் தூரக்கண்ணாடியைத் துடைத்தபடி முணுமுணுத்தார்: "இத்தன வருசமா வரேன். மொத்தமும் ஒண்ணா எழுந்து நான் பாத்ததே இல்ல. அதுக்காக மறுபடி இட்டுக்கினு வராதீங்கம்மா!"

ஸ்டேஷனில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உன் பேர் என்ன சொன்னே?"

எஸ்தர் அக்காதான், "காமாட்சிம்மா" என்றார், வீட்டில் நான் பாவில் காக்காய் விரட்டுவதையும் சொன்னார்.

"காமாட்சி, எங்க, இன்னொரு தடவ கத்து பாக்கலாம்."

காற்றுதான் வந்தது.

"காக்கா வந்தாத்தான் வருமா? சரி, திங்கக்கிழமை வா. வார்டு வேல உனக்கு ஆகாது. வேற ஒண்ணு இருக்கு. சாயங்காலம் நோயாளியப் பாக்க வர்ற கூட்டம் மணி அடிச்சாலும் போகாது. அத நீ கெளப்பணும். செஞ்சு காட்டு, வச்சுக்கிறேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. யாரும் அசையவில்லை. நான் தூண் ஓரம் நின்று, "போங்க... நேரமாச்சு..." என்று எனக்கே கேட்காமல் சொன்னேன். சாந்திபுரத்து நோயாளி ஒருவரைச் சுற்றி ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வாசலில் டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். வேலை கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் என் நாக்கு எழவில்லை.

அந்த நேரம், மாமனோ மச்சானோ, ஒரு பெரிய மீசைக்காரர், நோயாளிக்கு வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வாய் வைத்தார்.

கஞ்சி! அவ்வளவுதான் தெரியும்.

"ஓஓஓஓய்! ஹுய்! ஹுய்!"

மீசை முழுக்கக் கஞ்சியோடு அவர் எழுந்து ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்னாலேயே சாந்திபுரம் எழுந்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்தார்கள். நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்த ஒரு நோயாளியும் நாலு அடி நடந்துவிட்டார். (அவர் பிறகு நன்றாகத்தான் இருந்தார்.) வார்டில் அப்படி ஒரு அமைதி. டாக்டரம்மா உள்ளே வந்து கவிழ்ந்த கரண்டியை எடுத்து வைத்து, "இருந்துக்கோ" என்றார்.

மாதம் முடிந்து நான் நகரிக்குப் போனபோது எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நைனா சிரித்துச் சிரித்து, "ஒன்ன வாயத் தொறக்காதன்னு சொன்னனே, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த வேலையில்தான் இருந்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால் என் மகன் உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, பாவுல எறங்கியாச்சு" என்பான். நான் வெட்கப்பட்டுக்கொண்டு அடுக்களையிலேயே இருந்துவிடுவேன். ஆனால் விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் அதைக் கேட்டதும் செருப்பைத் தேடுவார்கள்.

ரயில் மாறினது கூடூரில்தானா, அது தை மாதமா மார்கழியா, எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். இன்னொன்று: அந்தப் பூநாரைகள் மறுநாளே திரும்பி வந்துவிட்டன என்று ஐவாரு எஸ்தர் அக்காவிடம் சொல்லியனுப்பினார். அது நிஜமா, என் மனசு நோகக்கூடாதென்று சொன்னாரா தெரியவில்லை. ஏரிப்பக்கம் இருப்பவர்கள் யாராவது, இப்போதும் அவை வருகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். நான் நேரில் வர மாட்டேன். பயப்படாமல் பார்க்கலாம்.